சத்தத்துக்குத் தடை போட்ட ஊரில் ஒரு ‘ருத்ரா’!

1972-ல் சிங்கப்பூர் பட்டாசுக்கு முழுத் தடை போட்டது. 1970 பிப்ரவரியில், சீனப் புத்தாண்டுக் கொண்டாட்டத்தின்போது 6 பேர் இறந்துபோனதில் ஆரம்பித்த கெடுபிடி அது. மறு வருடமே, 1973-ல், தைப்பூச ஊர்வலத்தில் மேளம் வாசிக்கவும் தடை வந்தது. காவடி எடுக்கலாம். அலகு குத்தலாம். கூடவே உறுமி வரக் கூடாது. 40 வருடத்துக்கும் மேல் கழித்து, 2016-ல்தான் ஊர்வலப் பாதையின் சில இடங்களில் மட்டும் நேரடி வாசிப்புக்கு அனுமதி கிடைத்தது.

சிவகாசிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைப் படித்தால் யாரோ தன் வீட்டு உலையில் தண்ணீர் ஊற்றியது போலத்தான் இருக்கும். வெடியும் வேண்டாம், மேளமும் வேண்டாம் என்றால் அது என்ன ஊர்?

அந்த ஊரில்தான் 1992-ல் தமிழ் இளைஞர்கள் மூன்று பேர் சேர்ந்து, இருப்பதிலேயே முரட்டுச் சத்தமான இசையைக் கையில் எடுத்தார்கள். கதிர், பேஸ் கிட்டாரும் குரலும். சிவா, டிரம்ஸ். பாலா, கிட்டார். குழுவுக்கு வைத்த பெயர் ‘ருத்ரா’. முப்பது வருடம் தாண்டியும் இருக்கிற குழு. ஆனால், தமிழ்நாட்டில் பத்து பேரை நிறுத்திக் கேட்டால் ஒருவருக்குத் தெரிந்திருந்தாலே ஆச்சர்யம்.

ஹெவி மெட்டல் என்றதும் வீட்டுப் பெரியவர்களுக்குப் பாத்திரக் கடை ஞாபகம் வரலாம். கிட்டாரின் மின் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கி, அதை ஆளுயர ஸ்பீக்கரில் விட்டு, அடியில் டிரம்ஸை இடைவெளியில்லாமல் ஓடவிடும் இசை அது. ‘டெத் மெட்டல்’ என்பது அதன் முரட்டுத் தம்பி. அதில் பாடகர் பாட மாட்டார், அடித்தொண்டையிலிருந்து உறுமுவார். டிரம்ஸ்காரர் இரண்டு காலாலும் இரண்டு பெடலை மாற்றி மாற்றி மிதித்து, கீழே இருக்கும் பெரிய டிரம்மை அதிர வைப்பார். பத்தாயிரம் வாலா சரத்தைக் கொளுத்திப் போட்டால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி. என்ன, இது தாளம் தப்பாது.

திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டும் 24 வயது இளைஞருக்கு ருத்ரா அறிமுகமானது வாட்ஸ்அப்பில். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் அத்தை மகன் ஒரு லிங்க் அனுப்பியிருந்தார். கீழே ஒரே வரி: “மாப்ள, கேட்டுப் பாரு. நம்ம ஆளுக.”

அனுப்பியவருக்கு அந்த இசை பிடிக்காது. தங்கும் விடுதியில் யாரோ சொல்லக் கேட்டு அனுப்பியதுதான். இவருக்கோ பாலிடெக்னிக் காலத்திலிருந்தே மெட்டல் பைத்தியம். அயர்ன் மெய்டன் குழுவின் எலும்புக்கூடு படம் போட்ட கறுப்பு டீ-ஷர்ட்டைப் போட்டுத் திரிந்ததில், தெருவில் ‘பேய்ச் சட்டை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. இத்தனை வருடம் கேட்ட குழுக்களில் ஒரு பெயர்கூடத் தன் தெருவில் கூப்பிடுகிற பெயராக இருந்ததில்லை. இங்கே கதிர், சிவா, பாலா. பின்னால் கிட்டாருக்கு வந்து சேர்ந்தவர்கள் செல்வம், கண்ணன். முச்சந்தியில் நின்று ‘செல்வம்’ என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பாட்டுக்கு முன்னால் அந்தப் பெயர்களைத்தான் இரண்டு முறை படித்தார்.

அன்று ராத்திரி வீட்டில் புளூடூத் ஸ்பீக்கரில் போட்டபோது அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றார்.

“என்னய்யா இது? சாமி வந்த ஆளு மலையேறாமக் கத்துற மாதிரி இருக்கு.”

“பாட்டும்மா.”

“பாட்டா?”

“பயமா இருக்கா?”

“பயமென்ன பயம். பாட்டுன்னு சொன்னியே, அதான் கேட்டேன்.”

அம்மா சொன்னதை விடச் சரியாக எந்த இசை விமர்சகரும் சொல்லியிருக்க முடியாது. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் அக்னிச் சட்டி எடுத்து வருபவர்களுக்கு நடுவே நின்று வளர்ந்தவர் அவர். மேளம் ஏற ஏற ஒரு மனிதரின் குரல் வேறு ஒருவருடையதாக மாறுவது அவருக்குப் புதிதில்லை. ‘ருத்ரன்’ என்ற சொல்லுக்கே ‘அலறுபவன்’ என்று பொருள் சொல்வதுண்டு. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மெல்லிசை பாடினால்தான் தப்பு.

அப்பாவின் மறுப்பு வேறு மாதிரி. “இதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குடா. ஒரு கிட்டாரு என்ன வெலைன்னு தெரியுமா?”

இந்த இசையைப் பற்றி நம் ஊரில் பொதுவாக இருக்கிற நினைப்பும் அதுதான். பெங்களூரு, மும்பை என்று பெரிய நகரங்களில், இங்கிலீஷ் பேசி வளர்ந்த பிள்ளைகளின் பொழுதுபோக்கு. இந்தியாவைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மையும்கூட. பிறந்த இடத்தில் அப்படியில்லை.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம், பட்டறைகளும் உலோகத் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர். நம் கணக்குக்கு ஒரு கோயம்புத்தூர் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே தகடு ஆலை ஒன்றில் 17 வயது டோனி அயோமி வேலை பார்த்தார். 1965-ல் ஒரு நாள். அதுதான் அவருடைய கடைசி வேலை நாள், கிட்டார் வாசிக்க ஒரு குழுவோடு கிளம்ப இருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், திரும்பப் போக வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா என்று அனுப்பி வைத்தவர் அவருடைய அம்மா. அன்று தகடு அழுத்தும் மெஷினுக்கு வர வேண்டிய ஆள் வரவில்லை. பழக்கமில்லாத அயோமியை அதில் நிறுத்தினார்கள். மெஷின் இறங்கியதில் வலது கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போனது. இடது கைப் பழக்கக்காரரான அவருக்குக் கம்பியை அழுத்த வலது கைதான் வேண்டும்.

இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் வேலை பார்த்த இடத்தின் மேலதிகாரி வீட்டுக்கு வந்து ஓர் இசைத்தட்டைக் கொடுத்துப் போட்டுக் கேட்கச் சொன்னார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞருடையது. 1928-ல் அவர் குடியிருந்த வண்டி வீட்டில், மனைவி விற்பதற்காகச் செய்து வைத்திருந்த செயற்கைப் பூக்களில் மெழுகுவத்தித் தீ பிடித்தது. அந்தத் தீயில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப் போக, மீதி விரல்களை வைத்தே ஐரோப்பாவின் பெரிய ஜாஸ் கலைஞர்களில் ஒருவரானார். அயோமி மறுபடி கிட்டாரை எடுத்தார்.

இந்தக் கதையை அந்த இளைஞர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொன்னார். அப்பாவுக்கும் இடது கையில் இரண்டு விரல் நுனி கிடையாது. இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு பேப்பர் கட்டிங் மெஷினில் போனது. வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அப்பா சாப்பிட்டபடியே கேட்டார். “அப்புறம் எப்படி வாசிச்சான்?”

“விரலுக்குத் தொப்பி மாதிரி செஞ்சு மாட்டிக்கிட்டான்.”

“எதுல செஞ்சான்?”

“பாத்திரம் கழுவுற லிக்விட் வருமில்ல, அந்த பிளாஸ்டிக் பாட்டில உருக்கி.”

“பிளாஸ்டிக்கு வழுக்குமே. கம்பி நிக்காதே.”

“அதுக்கு மேல தோல ஒட்டிட்டான். பழைய ஜாக்கெட்டுல வெட்டுன தோலு.”

அப்பா தலையாட்டினார். “தோலுன்னா நிக்கும்.”

அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டு எழுந்து, குழாயடியில் கை கழுவிக்கொண்டே இன்னொரு கேள்வி வந்தது. “பசை என்ன போட்டான்?”

மகனுக்குத் தெரியவில்லை.

அந்தத் தொப்பியோடு கனமான கம்பியை அழுத்தினால் வலிக்கும் என்பதால் அயோமி மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். பிறகு கம்பியின் இழுவிசையையே தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கினார். சுருதி இறங்க இறங்க ஒலி கனத்தது. இருட்டு அறையில் யாரோ பீரோவை இழுப்பது போன்ற அந்த ஒலிதான் ஹெவி மெட்டலின் அடையாளம். அயோமியின் ‘பிளாக் சபாத்’ குழுவின் முதல் ஆல்பம் வந்தது 1970 பிப்ரவரி 13. சிங்கப்பூரில் பட்டாசு 6 உயிரைக் குடித்த அதே மாதம். 2025 ஜூலை 5 அன்று அந்தக் குழு சொந்த ஊரான பர்மிங்ஹாமில் கடைசி முறையாக மேடையேறியது. அயோமி அன்றும் விரல் தொப்பிகளோடுதான் வாசித்தார். பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் அடுத்த 17-ம் நாள் காலமானார்.

அயோமி இறக்கிவிட்ட சுருதியை 22 வருடம் கழித்து சிங்கப்பூரில் பிடித்துக்கொண்டவர்களில்தான் நம் ருத்ரா ஆட்களும் வருகிறார்கள். ஆரம்பம் சுலபமாக இல்லை. 1996-ல் குழு ஒரு முறை கலைந்து, மறுபடி கூடியது. முதல் ஆல்பம் வர 1998 ஆனது. ஆரம்பித்து 6 வருடம்! ஒரு ரீல்ஸுக்கு 6 மணி நேரத்தில் லைக் வரவில்லை என்றால் அழித்துவிடுகிற காலத்தில் இருப்பவர்களுக்கு இது புரியாது.

அந்த நேரத்தில் உலகம் முழுக்க இந்த இசைக்குச் சாத்தானும் சுடுகாடும்தான் சரக்கு. ருத்ரா தொடங்கிய அதே 1992-ல், நார்வேயில் ‘பிளாக் மெட்டல்’ இளைஞர்கள் சிலர் பழமையான மரத் தேவாலயங்களுக்குத் தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூர் பையன்கள் போனது வேறு பக்கம். உபநிடதம், கீதை, அத்வைதம். கிட்டார் இரைச்சலுக்கு நடுவே சம்ஸ்கிருத மந்திரங்கள் வரும். ‘வேத மெட்டல்’ என்று தங்கள் இசைக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். 2003-ல் ‘குருக்ஷேத்ரா’ ஆல்பம். பிறகு ‘பிரம்மவித்யா’ என்ற பெயரில் 2005, 2009, 2011 என மூன்று பாகம். 2016-ல் வந்த ஆல்பத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘இருமையின் பகைவன்’. அத்வைதத்தை இரண்டே சொல்லில் இதைவிட முரட்டுத்தனமாகச் சொல்ல முடியாது.

இது விளம்பரத்துக்குப் பூசிக்கொண்ட விபூதி இல்லை. கதிர் வேதாந்தத்தை முறையாகக் கற்றவர், கற்றுக் கொடுப்பவர். மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் மனப்பயிற்சி பற்றிப் புத்தகமும் எழுதியிருக்கிறார். ஒரு பக்கம் ‘மூச்சைக் கவனியுங்கள்’ என்று சொல்லித் தருகிறவர், மறுபக்கம் மேடையில் மூச்சு முட்ட உறுமுகிறார். கிட்டார்காரர்கள் வந்தார்கள், போனார்கள். கதிரும் சிவாவும் மட்டும் மாறவில்லை. 2022-ல் அடுத்த ஆல்பமும் வந்தது. இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன், இந்தக் குழுவையும் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகத்தையும் சேர்த்துவைத்து 2009-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

இவ்வளவையும் தேடிப் படித்த அந்த அச்சக இளைஞருக்கு ஒரு குறை இருந்தது. அத்தை மகனுக்குப் பதில் அனுப்பினார்: “ஆளுக நம்ம ஆளுக. பாட்டு இங்கிலீஷும் சம்ஸ்கிருதமுமா இருக்கே மாப்ள?”

நியாயமான கேள்வி. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. அந்த ஊர்த் தமிழர்கள் ஆரம்பித்த குழு, தன் மொழியைத் தாண்டிப் போய் இன்னொன்றை எடுத்தது ஏன்? உலகம் முழுக்க உள்ள மெட்டல் ரசிகர்களுக்கு இங்கிலீஷ் வேண்டியிருக்கிறது, உபநிடதத்துக்கு சம்ஸ்கிருதம் வேண்டியிருக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால், 2001-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் தலைப்பு எந்தச் சமாதானத்துக்கும் அடங்காது. ‘தி ஆரியன் குருசேட்’. ஆரியப் புனிதப் போர்! ‘ஆர்ய’ என்றால் சம்ஸ்கிருதத்தில் ‘மேன்மையான’ என்று பொருள், இனத்தைச் சொல்வதில்லை என்று அகராதியைக் காட்டலாம். காட்டினாலும், 1931-ல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்த விருதுநகரில் அந்தத் தலைப்பு தொண்டையில் இறங்காது. இந்தக் குழுவை எவ்வளவு பிடித்தாலும், இந்த இடத்தில் நெருடல் நெருடல்தான்.

அத்தை மகனின் பதில் மறுநாள் வந்தது. “அப்போ நீ தமிழ்ல பாடு.”

தமிழில் முரட்டு இசைக்கு இடமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2018 ஜனவரியில் சென்னையில் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் முன்னெடுத்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒன்றாக ஒலித்தன. அது மெட்டல் இல்லை. ஆனால், எலெக்ட்ரிக் கிட்டாருக்குத் தமிழ் ஒத்துவராது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாயை அது அடைத்தது. ருத்ரா போகாத தெரு அது.

சத்தத்துக்கு வருவோம். பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. 1976-ல் ‘தி ஹூ’ என்ற இங்கிலாந்து ராக் குழுவின் கச்சேரியை ஸ்பீக்கரிலிருந்து 32 மீட்டர் தள்ளி நின்று அளந்தபோது 126 டெசிபல் வந்து, கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அளக்கும் முறைகள் வேறு வேறு, நேராக ஒப்பிட முடியாது. இருந்தாலும் அந்த இளைஞர் இதை அச்சகத்தில் சொன்னபோது கூட வேலை பார்ப்பவர்கள் நம்பவில்லை. அப்புறம் காதுக்குக் கேடு என்று அந்தப் போட்டியையே கின்னஸ் கைவிட்டது.

அச்சகத்தில் அவர் ருத்ரா கேட்பது ஒரு காதில் மட்டும்தான். ஆடி 18-க்குக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிட்டால் ஆர்டர் குவியும், மார்கழி வரைக்கும் ராத்திரி ஷிஃப்ட் ஓடும். மெஷின் ஓட்டுகிறவருக்கு ஒரு காது மெஷினிடம் இருக்க வேண்டும். தாள் இரண்டாகப் போனாலும், ரோலர் காய்ந்தாலும் முதலில் சத்தத்தில்தான் தெரியும். வலது காதில் ருத்ரன் அலறிக்கொண்டிருக்க, கண் முன்னால் பாறை மேல் புன்னகையோடு உட்கார்ந்திருக்கும் சிவன் படங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்துகொண்டிருக்கும்.

அம்மா பட்டாசு ஆலைக்குச் சரம் பின்னியவர். ஆயிரம் வாலா, ஐயாயிரம் வாலா என்று ஒற்றை வெடிகளைத் திரியோடு திரி சேர்த்துக் கோப்பதில் கை அவ்வளவு வேகம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்தது. அதோடு அந்த வேலை போனது. இப்போது தினசரி காலண்டர் அட்டையில் தாள்கட்டு ஒட்டுகிறார். கூலி குறைவு. மருந்து வாடை இல்லை என்பதை மட்டும் லாபக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். சிங்கப்பூரில் 1972-லேயே பட்டாசுக்குத் தடை என்று மகன் சொன்னபோது, “அப்ப அங்க வெடி கட்டுன பொம்பளைங்க என்ன செஞ்சாங்களாம்?” என்று கேட்டார். அதற்கும் மகனிடம் பதில் இல்லை.

போன தீபாவளிக்கு மறுநாள் அச்சகம் விடுமுறை. ஸ்பீக்கரில் ருத்ரா ஓடிக்கொண்டிருந்தது. உறுமல் நின்று, சிவாவின் இரண்டு காலும் பெடலில் ஓடுகிற இடம். பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“இந்தப் பையன் யாரு?”

“டிரம்ஸா? சிவான்னு ஒருத்தர்மா. பையன் இல்ல, ஆரம்பிச்சே முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு.”

“நல்லா கட்டியிருக்கான்” என்றார் அம்மா. “நடுவுல ஒண்ணுகூட அமுங்கல பாரு.”